ஆல்-வீல் டிரைவ் வண்டி மழையில் சீக்கிரம் நிற்குமா?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழில் செய்யும் பல வீடுகளில் இன்று பி.எம்.டபிள்யூ, ஆடி, பென்ஸ் நிற்கிறது. அப்பா ஓட்டிய டீசல் செடானைக் கொடுத்துவிட்டு மகன் வேகமான வண்டி எடுக்க நினைப்பார். எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்பார்: "அண்ணா, ரியர்-வீல் வேணாம், மழையில பின்பக்கம் இழுத்துட்டுப் போயிடும்னு சொல்றாங்க. ஆல்-வீல் எடுத்துட்டா பயமே இல்லைதானே?"

இல்லை தம்பி, பயம் அப்படியேதான் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதி, முன்பக்கம் நசுங்கி எங்களிடம் வரும் வண்டிகளில் ஆல்-வீல் டிரைவ் வண்டிகளும் இருக்கின்றன. ஓட்டியவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "வண்டி நல்லா கிரிப்பாதான் போயிட்டிருந்தது, பிரேக் அடிச்சப்போ நிக்கல."

டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அகலம்தான். நாலு டயருக்கும் அப்படி நாலு இடம். வண்டி வேகம் எடுப்பது, திரும்புவது, நிற்பது எல்லாம் அந்த நாலு இடத்தில் கிடைக்கும் பிடிமானத்தை வைத்துத்தான். ரியர்-வீல் வண்டியில் எஞ்சின் சக்தி முழுவதும் பின் டயர் இரண்டுக்குப் போகிறது. ஆல்-வீலில் அது நாலு டயருக்கும் பிரிகிறது. அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வீணாகச் சுற்றுவது குறையும். வித்தியாசம் அவ்வளவுதான். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக்கில் வைத்த நொடியே ஆல்-வீலுக்கு வேலை முடிந்துவிட்டது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. எண்ணூறு சி.சி. வண்டியிலும் அப்படித்தான், எழுபது லட்ச ரூபாய் வண்டியிலும் அப்படித்தான்.

கணக்காகவே பார்க்கலாம். நல்ல டயரோடு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், காய்ந்த தாரில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 40 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் பிடிமானம் பாதியாகிவிட்டால் 80 மீட்டர் ஆகும். அதே ஈரத்தில் 120-ல் வந்தால் 115 மீட்டர். வேகத்தில் 20 கி.மீ. கூடியதற்கு 35 மீட்டர் அதிகம். பள்ளிகொண்டா டோலை நெருங்கும்போது முன்னால் ஒரு டேங்கர் லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தால் அந்த 35 மீட்டர் எங்கிருந்து கிடைக்கும்?

அந்தக் கூடுதல் 20 கி.மீ. எப்படி வருகிறது என்பதைத்தான் வண்டி எடுப்பவர்கள் யோசிப்பதில்லை. ரியர்-வீல் வண்டியில் ஈரச் சாலையில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் டேஷ்போர்டில் வண்டி சறுக்கும் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கும், பின்பக்கம் லேசாக அசையும். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உடனே சக்தியைக் குறைத்துவிடும். ஓட்டுபவருக்குச் செய்தி வந்துவிட்டது: சாலை வழுக்குகிறது, நிதானமாகப் போ. ஆல்-வீலில் அதே சாலையில் அதே மிதி மிதித்தால் விளக்கு வராது. வண்டி ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாயும். சாலை காய்ந்திருப்பதாகவே மனசு நம்பிவிடும். வழுக்கல் இருப்பது முதல்முறை பிரேக் அடிக்கும்போதுதான் தெரியவரும்.

"பின்பக்கம் இழுத்துட்டுப் போயிடும்" என்ற பயத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது பழைய காலத்து வண்டிகளில் இருந்து வந்த பயம். வண்டி திரும்பும் கோணத்தையும் ஸ்டியரிங் கோணத்தையும் ஒப்பிட்டு, தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாட்டை 1995-ல் மெர்சிடஸ் தன் பெரிய காரில் கொண்டுவந்தது. இன்று நாம் பேசும் எல்லா ஸ்போர்ட்ஸ் செடானிலும் அது இருக்கிறது. அதை ஆஃப் செய்யாதவரை, டயர் ஒழுங்காக இருக்கும்வரை, ரியர்-வீல் வண்டி மழையில் யாரையும் சுலபத்தில் ஏமாற்றாது. நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்குகிறது.

சரி, அப்படியானால் ஆல்-வீல் வீணா? நிச்சயமாக இல்லை. செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் பூட்டப்படும் பி.எம்.டபிள்யூ எம்340ஐ என்ற ஆல்-வீல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுற்றும் விசை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ.யைத் தொட 4.4 விநாடி என்கிறது கம்பெனி. இவ்வளவு டார்க்கைப் பின் டயர் இரண்டில் மட்டும் இறக்கினால் ஈரத்தில் பாதி சக்தியை எலக்ட்ரானிக்ஸே வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். அங்கே ஆல்-வீல் அவசியம். ஏலகிரி மலைப்பாதையிலும் அதன் அருமை தெரியும். பதினாலு கொண்டை ஊசி வளைவு, தூறல், சருகு, மேலே இருந்து வழிந்துவரும் சேறு. வளைவிலிருந்து வெளியே வந்து ஏற்றத்தில் மிதிக்கும்போது ஆல்-வீல் வண்டி அலுங்காமல் ஏறும், ரியர்-வீல் கொஞ்சம் தடுமாறித்தான் ஏறும். ஆனால் கீழே இறங்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆபத்து அதிகம் இருப்பது இறக்கத்தில்தான்.

சுமார் 250 குதிரைத்திறன் கொண்ட 3 சீரிஸ், சி-கிளாஸ் போன்ற வண்டிகளுக்கு வேலூர் மாவட்டச் சாலைகளில் ரியர்-வீலே தாராளம் என்பது என் கருத்து. நம் ஊரில் பனி கிடையாது. வருஷத்தில் பெரும்பகுதி வெயில்தான். ஆல்-வீல் பாகங்களால் வண்டிக்கு 50 முதல் 100 கிலோ வரை எடை கூடும், அதில் பெரும்பகுதி முன்பக்கம் உட்காரும். பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். முன் சக்கரம் திருப்புகிற வேலையை மட்டும் பார்க்கும் ரியர்-வீல் வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு சுத்தம் இருக்கும். ஜவ்வாது மலைப் பாதையில் ஒரு காலை நேரம் ஓட்டிப் பார்த்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஆடி என்றாலே குவாட்ரோ, நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. 1980-ல் ஜெனீவா கண்காட்சியில் வந்த அந்தப் பெயருக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் அண்மை வருஷங்களில் இந்தியாவில் விற்ற ஏ4, ஏ6 பெட்ரோல் வண்டிகள் முன் சக்கர இழுப்புதான். எஸ்5 குவாட்ரோ. பழைய மூன்று லிட்டர் டீசல் ஏ4-லும் குவாட்ரோ வந்தது. செகண்ட்ஹேண்டில் எடுப்பவர்கள் டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், அது கடையில் விற்கிற ஸ்டிக்கர். வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடியில் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள கிரவுனுக்கு ஷாஃப்ட் ஓடவில்லை என்றால் அது குவாட்ரோ இல்லை.

இப்போது பணம் போகும் இடத்துக்கு வருவோம். வாணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு எக்ஸ்-டிரைவ், அதாவது ஆல்-வீல் பி.எம்.டபிள்யூ வந்தது. மெதுவாக 40-ல் போகும்போது லேசாக மிதித்தால் ஒரு வெட்டு, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி ரிவர்ஸ் எடுத்தால் ஒரு நடுக்கம். வேறு இடத்தில் கியர்பாக்ஸ் கோளாறு என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். நான் முதலில் டயரைப் பார்த்தேன். பின்னால் இரண்டும் புத்தம் புதுசு, முன்னால் இரண்டும் தேய்ந்து முடியும் நிலை. சமதளத்தில் டயரின் அடிப்பகுதியிலும் தரையிலும் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்தோம். பின் டயர் ஒரு சுற்றுக்குப் போன தூரத்தைவிட முன் டயர் போன தூரம் கிட்டத்தட்ட இரண்டு விரல்கடை குறைவு.

கேட்க இது சின்ன விஷயமாகத் தெரியும். 18 அங்குல வீலில் 8 மி.மீ. டிரெட் (டயரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம்) உள்ள புது டயர் ஒரு கி.மீ.க்கு சுமார் 482 முறை சுற்றும். 2 மி.மீ. வரை தேய்ந்தது சுமார் 491 முறை சுற்றும். வேலூரிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று வித்தியாசம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருந்து சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகள் உள்ளன. இந்த வித்தியாசத்தை வழி முழுக்க அவைதான் உராய்ந்து உராய்ந்து சமாளிக்கின்றன. சூடாகும், எண்ணெய் கெடும், தட்டு தேயும். அந்த வாடிக்கையாளர் இரண்டு டயர் காசை மிச்சம் பிடிக்கப் போய், நாலு டயர் விலையைவிட அதிகமாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கொடுத்தார்.

அதனால் ஆல்-வீல் எடுப்பவர்கள் டயர் மாற்றினால் நாலையும் சேர்த்து, ஒரே பிராண்டில், ஒரே மாடலில் மாற்றப் பழகுங்கள். முன்னால் 225/45, பின்னால் 255/40 என்று வேறு வேறு அளவு போட்ட வண்டிகளும் உண்டு. அகலம்தான் வேறு, உயரத்தைக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 2 மி.மீ.கூட வித்தியாசம் வராது. கம்பெனி அப்படிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. "இந்த சைஸ் ஸ்டாக் இல்லை, பக்கத்து சைஸ் போட்டுக்கலாம்" என்று டயர் கடையில் சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயையும் நம் வெயிலுக்கு 60,000 கி.மீ.யை ஒட்டி மாற்றிவிடுவது நல்லது என்று நான் சொல்வேன். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது.

அந்த வெயில் டயரையும் சும்மா விடுவதில்லை. பல வீடுகளில் ஸ்போர்ட்ஸ் செடான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். மீட்டரில் கி.மீ. குறைவு, டிரெட் ஆழமாகத் தெரியும், ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. அஞ்சு ஆறு வருஷம் ஆன டயரில் விரல் நகத்தை அழுத்திப் பார்த்தாலே தெரியும், உள்ளே போகாது. அந்த டயரோடு பாலாற்றுப் பாலத்தில் மழையில் போகிற ஆல்-வீல் வண்டியைவிட, நல்ல டயர் போட்ட ரியர்-வீல் வண்டியில் என் பிள்ளையை அனுப்ப எனக்கு மனசு வரும். சட்டப்படி டிரெட் 1.6 மி.மீ. இருந்தால் போதும். ஆனால் நம் நெடுஞ்சாலையில் லாரி ஓடிப் பதிந்த பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ள அது போதாது. அந்த ஆழத்தில் 80, 90 வேகத்திலேயே டயர் தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிடும். மிதந்த பிறகு இழுப்பது ரெண்டு சக்கரமா நாலு சக்கரமா என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறேன்.

எலக்ட்ரிக் செடான் கேட்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பி.ஒய்.டி. சீல் ரியர்-வீலிலும் வருகிறது, முன்னும் பின்னும் மோட்டார் வைத்த ஆல்-வீலிலும் வருகிறது. ஆல்-வீல் மாடல் 3.8 விநாடியில் 100-ஐத் தொடும் என்கிறார்கள். இதில் முன்னையும் பின்னையும் இணைக்கும் ஷாஃப்ட் இல்லை. அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் கவலையும் இல்லை. ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல். டயர், பிரேக் பற்றி மேலே சொன்னது இதற்கு இன்னும் ஒரு மடங்கு பொருந்தும்.

கடைசியாக, வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது. நெடுஞ்சாலையில் 1033-க்கு அடித்தால் உதவி வரும். வருவது பெரும்பாலும் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப் போகும் கிரேன். முன்பக்கத்தைத் தூக்கி, பின் சக்கரம் உருள உருள இழுத்தால் ஆட்டோமேட்டிக் ரியர்-வீல் வண்டியில் கியர்பாக்ஸ் போகும், ஆல்-வீலில் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து போகும். கிரேன்காரர் அவசரப்படுத்துவார், "நியூட்ரல்ல போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் தினமும் தூக்குவது முன் சக்கர இழுப்பு வண்டிகளை. சாலை ஓரம் பத்திரமாக ஒதுக்கும் அளவுக்கு மட்டும் அவர் உதவியை வாங்கிக்கொண்டு, நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியை உங்கள் இன்ஷூரன்ஸ் மூலமாக வரவழையுங்கள். பாலிசியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா, அதில் ஃபிளாட்பெட் உண்டா என்று வண்டி எடுக்கும் அன்றே கேட்டு, அந்த நம்பரை வீட்டில் ஓட்டுகிற எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.