தனியார் பள்ளிக் கட்டணம் கல்லூரி இடத்துக்கான முன்பணம் அல்ல

மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் எட்டும் ஒரே மாலையில் சேர்க்கை முடிவுகளை வெளியிடுகின்றன. அன்று இரவு ஒரு தந்தை என்னை அழைத்தார். மகன் படிப்பது பெயர் பெற்ற தனியார் பள்ளி. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600-க்கு 1570. விண்ணப்பித்தவை பதினான்கு கல்லூரிகள். பதின்மூன்றில் இடமில்லை, ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். “இத்தனை வருடம் இவ்வளவு பணம் கட்டினோமே மேடம், பிறகு எதற்கு அந்தப் பள்ளி?” என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஓர் அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் எனக்குக் கேட்டது.

பட்டியலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி அதில் ஒன்றுகூட இல்லை. சொந்த மாநிலத்தின் பல்கலைக்கழகமும் இல்லை. கேட்டதற்கு, “அங்கே போகவா தனியார் பள்ளியில் சேர்த்தோம்?” என்று பதில் வந்தது. இந்தப் பருவத்தில் இதே பதிலை எனக்குச் சொன்ன நான்காவது குடும்பம் இது.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் பெரும்பாலோர் கட்-ஆஃப் காலத்தில் படித்தவர்கள். நுழைவுத் தேர்வு இருந்த நாட்களில் 300-க்கு 296 வாங்கியவரை, அவருடைய ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள், 295 வாங்கியவர் முந்த முடியாது. மதிப்பெண் வந்தால் தரவரிசை, தரவரிசை வந்தால் இடம். அந்த முறையில் மதிப்பெண் என்பது நாம் உரிமையோடு நீட்டும் சீட்டு. அந்த நினைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டோம். இங்கே அப்படி ஒரு வரிசையே கிடையாது. 1570-க்குக் கீழே 1540, அதற்குக் கீழே 1530 என்று யாரும் அடுக்கி மேலிருந்து எடுப்பதில்லை. 2024-இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தது 1,937 பேருக்கு. நாட்டில் 25,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒருவர் என்று முதல் மாணவர்களை மட்டும் அழைத்தால்கூட அந்த இடங்களைப் பத்துமுறைக்கு மேல் நிரப்பிவிடலாம். நல்ல மதிப்பெண் இருந்தால் விண்ணப்பத்தை அக்கறையோடு படிப்பார்கள். அதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது.

எம்ஐடி 2022-லும், டார்ட்மவுத், ஹார்வர்டு போன்றவை 2024-லும் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கின. உடனே “பார்த்தீர்களா, மதிப்பெண்தான் முக்கியம்” என்று எனக்குச் செய்தி அனுப்பியவர்கள் பலர். அங்கே உள்ள பாடத்தை இந்தப் பிள்ளையால் தாங்க முடியுமா என்பதை அறியத்தான் அவர்கள் மதிப்பெண் கேட்கிறார்கள். 1570 அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டது. அந்த மாணவனை 1590-க்காக மூன்றாவது முறை தேர்வுக்கு அனுப்பாதீர்கள். அந்தச் சனிக்கிழமையில் அவன் தூங்கட்டும்.

இனி பள்ளிக்கு வருகிறேன். பல கல்லூரிகளில் பகுதிவாரியாகச் சேர்க்கை அலுவலர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் விண்ணப்பமும் அதே வகுப்பின் மற்ற இருபது விண்ணப்பங்களும் பெரும்பாலும் ஒருவர் மேசைக்கே போகின்றன. கூடவே பள்ளி தன்னைப் பற்றி இரண்டு மூன்று பக்க அறிக்கை அனுப்புகிறது: என்னென்ன பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்று. பள்ளி எவ்வளவு கொடுத்ததோ அதை வைத்துத்தான் பிள்ளையை அளப்பார்கள். பள்ளியில் ஏபி வகுப்புகளே (கல்லூரித் தரப் பாடங்கள்) இல்லையென்றால் அதற்காகக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். 2018-இல் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் எட்டுத் தனியார் பள்ளிகள் ஏபி வகுப்புகளைக் கைவிடப்போவதாகக் கூட்டாக அறிவித்தன. அதைப் பார்த்துப் பதறிப் பள்ளி மாற்றுவது வீண் வேலை.

“போன வருடம் அதே பள்ளியிலிருந்து மூன்று பேர் போனார்களே?” என்பது அடுத்த கேள்வி. அந்த மூவர் யார் என்று விசாரித்தீர்களா? ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்களின் பிள்ளைகள், கல்லூரி தனியாகக் கவனிக்கும் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து விண்ணப்பங்களில் ஐந்து விழுக்காடு; இடம் பெற்றவர்களில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு. துடுப்புப் படகு ஓட்டிப் போன பையனின் கணக்கை உங்கள் பையனுக்குப் போடாதீர்கள்.

தனியார் பள்ளியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மதச்சார்பற்ற தனியார் பள்ளி மாணவர்களுக்குப் சேர்க்கை அலுவலர்கள் தரும் படிப்பு சாராத மதிப்பீடுகள் உயர்வாகக் கிடைப்பது தெரிந்தது. சிறிய வகுப்பு, மாணவனை நன்கு அறிந்த ஆசிரியர், பொறுமையாக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதம் ஆகியவை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் அனுபவம். ஆனால் அந்த வசதி பக்கத்து இருக்கை மாணவிக்கும் இருக்கிறதே! அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: மாநிலங்களின் முதன்மைப் பொதுப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் ஐவி வகைக் கல்லூரியில் படிப்பதால் சராசரி வருமானம் பெரிதாக மாறிவிடுவதில்லை, மிக உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டுக்குள் போகும் வாய்ப்புதான் கூடுகிறது.

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்துவிடும். பல கல்லூரிகளுக்கும் ஒன்றாகப் பயன்படும் பொது விண்ணப்பத்தில் அதற்கு அதிகபட்சம் 650 சொற்கள். ஒரு மாணவி முதல் வரைவை எனக்குக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ‘ழ’ சொல்லிக்கொடுப்பதைப் பற்றியது. ஒரு சிறுவன் நான்கு வாரம் ‘பலம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாவது வாரம் அவள் வாயைத் திறந்து நாக்கு எங்கே மடிகிறது என்று காட்ட, அவன் எட்டிப் பார்த்துவிட்டு ‘பழம்’ என்றான். இறுதியில் கல்லூரிகளுக்குப் போன கட்டுரையில் அந்தச் சிறுவன் இல்லை. தலைமைப் பண்பு இருந்தது, உலகப் பார்வை இருந்தது. வீட்டில் ஒருவரும் வெளியில் பணம் வாங்கிய ஒருவரும் மாறிமாறித் திருத்தியிருந்தார்கள். ஒரு நாளில் பல விண்ணப்பங்களைப் படிப்பவருக்குப் பெரியவர் கைபட்ட வரி உடனே தெரியும். தயவுசெய்து பிள்ளையின் கட்டுரையில் கை வைக்காதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், போதும்.

பத்து கல்லூரிகள் என்றால் குறைந்தது மூன்று நிச்சயம் கிடைக்கக்கூடியவையாக, பிள்ளை மனமுவந்து போகக்கூடியவையாக இருக்கட்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குள் சிறந்த மாணவர்களுக்கென்று இருக்கும் சிறப்புக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் படிவத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். இடம் கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் செலவைக் கணக்கிடும் கருவி இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். உதவித்தொகை உண்மையிலேயே போதவில்லையென்றால் விலகலாம். மற்றபடி சாக்குச் சொல்லி மீறினால், அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளையும் அது பாதிக்கலாம். பரிந்துரைக் கடிதத்தைப் பதினோராம் வகுப்பு முடிவதற்குள் கேட்டுவிடச் சொல்லுங்கள். இடம் கிடைத்ததும் பன்னிரண்டாம் வகுப்பைக் கைகழுவிவிட வேண்டாம். இறுதி மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு இடத்தைத் திரும்பப் பெற்ற கல்லூரிகள் உண்டு.

முடிவு வரும் மாலையில், “உன் வகுப்பில் யாருக்கெல்லாம் கிடைத்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் பையனோடு மறுவாரம் பேசினேன். அவன் என்னிடம் முதலில் கேட்டது, “அப்பா இன்னும் கோபமாக இருக்கிறாரா?” என்றுதான். மே மாதத்தில் இன்னும் இடம் இருக்கும் கல்லூரிகளின் பட்டியல் வெளியாகும். அதிலிருந்து இரண்டைக் குறித்திருக்கிறோம். ஒன்றில் அவனுக்குப் பிடித்த பொருளறிவியல் துறை இருக்கிறது. இம்முறை கட்டுரையை அவனே எழுதிக்கொண்டிருக்கிறான்.