கணினி விலையில் ‘இன்பவியல்’ எங்கிருந்து வந்தது?

பணவீக்கம் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘இன்பவியல் விலைக் குறியீடு’ மறுபடியும் கண்ணில் பட்டது. கணினி விலையைக் கணக்கிடும் இடத்தில் இன்பவியலுக்கு என்ன வேலை? மூலச் சொல் ஹெடோனிக். கிரேக்கத்தில் ‘ஹெடொனே’ என்றால் இன்பம். மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டினார், அதோடு எழுந்துவிட்டார்.

இந்தப் பெயரைப் பொருளியலில் பதித்தவர் ஆண்ட்ரூ கோர்ட். எடை, குதிரைத்திறன் போன்றவை மாறும்போது காரின் விலை எப்படி மாறுகிறது என்று 1939இல் அமெரிக்காவில் ஆராய்ந்தார். வாங்குபவருக்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளில்தான் ‘இன்ப’த்தை எடுத்துக்கொண்டார். 1961இல் பொருளியலாளர் ட்ஸ்வி கிரிலிக்கஸ் இந்த முறைக்கு மறுவாழ்வு தந்தார். 1980களின் நடுவில் அமெரிக்க அரசின் கணக்கில் கணினிகளுக்கும் வந்துவிட்டது.

கணக்கு எளிதுதான். பழைய மாடலின் விலை 100, நினைவகம் இரட்டிப்பான புதிய மாடல் 110 என்று வையுங்கள். பல மாடல்களின் விலையையும் பண்புகளையும் தொடர்புப்போக்கில் (regression: எந்தப் பண்பு கூடினால் விலை எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் புள்ளியியல் கணக்கு) இட்டுப் பார்த்தால் கூடுதல் நினைவகத்தின் மதிப்பு 20 என்று வருகிறது. அப்படியானால் அதே தரத்துக்கு இன்றைய விலை 90. ஏறியதாகத் தெரிந்த விலை 10 சதவீதம் இறங்கியிருக்கிறது. இதில் இன்பம் எங்கே? பொருளைப் பண்பு பண்பாகப் பிரித்து விலைபோடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ‘பண்புக்கூற்று விலை முறை’ என்றால் போதும்.

இப்படித் தரம் மாறும்போது விலையைச் சரிசெய்யும் வேலைக்கே (quality adjustment) ‘தர உயர்வுத் திருத்தம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இன்பவியலுக்கு இது தேவலாம், ஆனால் அரைகுறை. தரம் எப்போதும் உயர்ந்துகொண்டேவா இருக்கிறது? போன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டு அதே விலைக்கு விற்றால், அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சரி, ‘உயர்வை’ விட்டுவிட்டுத் ‘தரத் திருத்தம்’ என்போமா? பொருளையே பழுதுபார்க்கிற மாதிரி ஒலிக்கிறது. இங்கே மாற்றப்படுவது விலை, தரம் அல்ல.

இந்த வேலைக்கு ‘தரவழி விலைச் சரிக்கட்டல்’ என்பது என் தேர்வு. பண்புக்கூற்று முறை இதன் ஒரு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். ‘சரிக்கட்டல்’ என்றதும் ஆளைச் சரிக்கட்டுவது நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். கணக்குப்பதிவியல் பாடத்தில் ‘சரிக்கட்டுப் பதிவு’ படித்த யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

இதுவும் பிடிக்கவில்லையா, ‘ஹெடோனிக்’ என்றே எழுதிவிடுங்கள். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. புரியாத சொல்லை வாசகர் தேடியாவது பார்ப்பார். ‘இன்பவியல்’ என்று போட்டால், புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவார்.