சத்தம் இல்லேன்னதும் மௌனப் படம்னு எழுதி ஒட்டாதீங்க
போன வாரமும் ஒரு பெட்டி வந்துச்சு. உள்ள ஆறு ரீல், மூடி மேல "மௌனப் படம்"னு எழுதி ஒட்டியிருக்கு. லைட் டேபிள்ல விரிச்சு லென்ஸ் வச்சுப் பாத்தா ஒருத்தன் வாயத் திறந்து பாடுறான், பின்னால பொண்ணுங்க வரிசையா நின்னு ஒரே தாளத்துல காலைத் தூக்குறாங்க, மௌனப் படத்துல நடுநடுவுல வர்ற வசன அட்டை ஒண்ணு கூட இல்ல. பேசும் படம் வந்த புதுசுல எடுத்த பாட்டு காமெடிப் படங்க இது!

எத்தனை வாட்டிதான் சொல்றது. 1926-ல வந்த வைட்டாஃபோன் முறையில சத்தம் ஃபிலிம்லயே இருக்காது, தனியா 16 இன்ச் இசைத்தட்டுல இருக்கும், நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிஷம். அதனால ஃபிலிம் ஓரத்துல ஒலிப்பட்டை இல்லேங்கறத மட்டும் வச்சு மௌனப் படம்னு முடிவு பண்ண முடியாது. தட்டும் ஃபிலிமும் சேந்தாதான் அது படம். 1929-ல வந்த 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'க்கு தட்டுல சத்தம் இருக்கு, ஃபிலிம்ல கடைசிப் பகுதியும் சில துண்டும்தான் மிச்சம்.

பெட்டி கொண்டுவந்தவர்கிட்ட தட்டு எங்கேன்னு கேட்டேன். "பெருசு பெருசா இருந்துச்சு சார், எங்க ப்ளேயர்ல வைக்கவே முடியல, தூக்கிப் போட்டுட்டோம்"னாரு. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

இன்னொண்ணு, கிழிஞ்ச ஃப்ரேமை வெட்டி எடுத்துட்டு ஒட்டாதீங்க. வினாடிக்கு 24 ஃப்ரேம், 12 போச்சுன்னா அரை வினாடி, அங்கேருந்து ரீல் முடியிற வரைக்கும் உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம், காமெடில அடி விழுறதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் கால ஆபரேட்டருங்க போன ஃப்ரேமுக்கு ஈடா அதே கணக்குல கறுப்பு ஃப்ரேம் ஒட்டுவாங்க, அதையும் அழுக்குன்னு நெனச்சு வெட்டிடாதீங்க.

அந்தக் கால 35 எம்எம் ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட்ங்கற சுலபமா தீப்பிடிக்கிற ரகம், பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினாலும் அணையாது. ப்ரொஜெக்டர்ல ஓட்டிப் பாக்கவே கூடாது. பிசுபிசுன்னு ஒட்டுதா, நுரை கட்டியிருக்கா? வெயில், சூடு படாம வச்சுட்டு ஆவணக் காப்பகத்துக்கு ஃபோன் பண்ணுங்க, நீங்களா பார்சல் அனுப்பாதீங்க.

உங்ககிட்ட தட்டு இருந்தா செங்குத்தா நிக்க வைங்க, ப்ளேயர்ல ஓட்டாதீங்க. ஊசி உள்ளேருந்து வெளிய போற தட்டு அது, சுமார் 20 வாட்டி ஓட்டினதும் மாத்தணும்னு லேபிள்லயே கட்டம் போட்டு எண்ணியிருப்பாங்க. அந்த லேபிளை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க ப்ளீஸ், அந்தப் பாட்டுக்காரனோட ஆறு ரீலும் தட்டு இல்லாம என் மேஜை மேலதான் இருக்கு.