ஆகஸ்டில் காடு ஏன் பாட்டை நிறுத்துகிறது?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், ஆகஸ்ட் பாதி கடந்ததும் காலை நடைக்குப் போகும் பலர் பைனாகுலரை வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். மே மாதம் காதை நிறைத்த பாட்டு ஓய்ந்திருக்கும். இலை அடர்த்தியில் ஒன்றும் கண்ணில் படாது. பறவை பார்க்க இது வறண்ட பருவம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. பறவையின் உடல் தலைகீழாக மாறிக்கொண்டிருக்கும் வாரங்கள் இவைதான்.

முதலில் அந்த அமைதியைப் பார்ப்போம். வசந்தத்தில் பகல் நீள நீள, ஆண் பறவையின் விந்தகங்கள் பல மடங்கு பெரிதாகின்றன. அவை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பாடத் தூண்டுகிறது. ஆனால் கோடையில், பகல் இன்னும் நீளமாக இருக்கும்போதே, உடல் அந்த நீண்ட பகலின் தூண்டுதலுக்கு இணங்க மறுத்துவிடுகிறது. விந்தகங்கள் சுருங்குகின்றன. பல இனங்களில் மூளையில் பாட்டுக்கென்று உள்ள பகுதிகளும் கூடவே சிறுத்துப்போகின்றன. அடுத்த வசந்தத்தில் மீண்டும் வளர்கின்றன. எத்தனை முறை படித்தாலும் இந்தச் சிக்கனம் எனக்கு வியப்புத்தான்.

பகலின் நீளம்தான் இதற்கெல்லாம் ஆணை என்று தெரியவந்தது 1920களில். கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன், ஜங்கோ என்ற சிறு குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வளர்த்தார். நடுக் குளிர்காலத்தில் மாலைதோறும் மின்விளக்கு ஏற்றி, பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். வெளியே உறைநிலைக்கு வெகு கீழே குளிர். குருவிகளின் விந்தகங்களோ வசந்தம் வந்துவிட்டதுபோல் வளர்ந்தன.

அந்த ஒளியை அளப்பது கண் என்றுதான் யாரும் நினைப்போம். மைக்கேல் மெனாக்கர் சிட்டுக்குருவிகளை ஆராய்ந்து அதை மறுத்தார். தலையின் தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தி ஒளியைத் தடுத்தபோது, கண் நன்றாக இருந்தும் உடல் பகலின் நீளத்தை உணரவில்லை. உச்சி இறகுகளைப் பிடுங்கியபோது உணர்வு கூடியது. மண்டையோட்டை ஊடுருவி வரும் வெளிச்சத்தை மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் செல்களே பிடித்துக்கொள்கின்றன.

இத்துடன் உள்ளுக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர், வலசை போகும் வார்ப்ளர் என்ற சிறு பறவைகளை 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் என்று ஆண்டுக்கணக்கில் மாற்றமே இல்லாமல் வைத்திருந்தார். அப்படியும் அவை முறை தவறாமல் இறகு உதிர்த்தன. புறப்பாட்டுப் பருவத்தில் இரவெல்லாம் கூண்டுக்குள் படபடத்தன. அந்தக் கடிகாரம் ஓராண்டுக்குச் சற்று முன்பின்னாக ஓடும். மாறிவரும் பகல்தான் அதைத் திருத்தி வைக்கிறது. உணவு தாராளமாகக் கிடைக்கும்போதே பறவைகள் கிளம்பிவிடுவது இதனால்தான். குளிர் வந்து விரட்டும்வரை காத்திருந்தால் கொழுப்புச் சேர்க்கப் பூச்சி இருக்காது.

இந்த மாற்றத்தைக் கண்ணால் காண வேண்டுமா? ஸ்கார்லெட் டேனேஜர் என்ற இனத்தின் ஆண் பறவையைத் தேடுங்கள். கோடையில் சுடர்ச் சிவப்பாக இருந்த உடலில் இப்போது மஞ்சள்பச்சைத் திட்டுகள் படர்ந்திருக்கும்; சிறகு மட்டும் கறுப்பாகவே இருக்கும். சில வாரங்களில் சிவப்பு முழுதும் மறைந்துவிடும்.

இறகு புதுப்பித்தபின் தீனிதான். பூச்சியே கதியென்று இருந்த வார்ப்ளர்கள் பலவும் பழங்களையும் கொத்தத் தொடங்குகின்றன. பிளாக்போல் வார்ப்ளரின் வழக்கமான எடை ஏறத்தாழ 12 கிராம்; புறப்படும் முன் அது 20 கிராமைத் தாண்டக்கூடும். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், சூரிய உதயத்தையும் மறைவையும் பதிவுசெய்யும் சிறு கருவிகளை இக்குருவிகளின் முதுகில் கட்டி விட்டார்கள். அவை அட்லாண்டிக் கடலின் மேல் எங்கும் இறங்காமல், இரண்டு மூன்று நாட்களில் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் பறந்து கரீபியன் தீவுகளை அடைந்தது தெரிந்தது.

பெரும்பாலான சிறு பறவைகள் இரவில் பயணம் செய்து, விடியலில் இறங்கி இரை தேடுகின்றன. ஆகவே மழை ஓய்ந்து, தெற்கே தள்ளிவிடும் வடமேற்குக் காற்று வீசிய இரவுக்கு அடுத்த காலையை விட்டுவிடாதீர்கள். இளவெயில் முதலில் விழும் மரவரிசையின் ஓரமாக நடங்கள். பூச்சிகள் அங்கேதான் முதலில் அசையும். பாட்டை எதிர்பார்க்காமல், "சிப்" என்ற ஒற்றைக் குரலுக்குச் செவி கொடுங்கள். அங்கேயே தங்கி வாழும் சிக்கடி என்ற சிறு குருவிகளின் கூட்டம் தென்பட்டால் பத்து நிமிடம் நகராமல் நில்லுங்கள். வழிப்போக்கு வார்ப்ளர்கள் அவற்றோடு கலந்துதான் மேய்கின்றன.