அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது?

2022 ஜூன் மாதம். சந்தாத் தொகையை மாதாமாதம் கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு மென்பொருளுக்கு நான் பிசினஸ் அனலிஸ்ட், அதாவது அது என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வைப்பவன். ஓடிபி கேட்காமல் இப்படிப் பிடிக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தியது. "ஒரு நம்பர் மாத்துறதுதானே, அரை நாள் வேலை" என்று மீட்டிங்கில் எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

அந்த அரை நாள் வேலை எங்களை மூன்று வாரம் படுத்தியது.

பணம் பிடிக்கும் பகுதியில் எண்ணை மாற்றினோம், அது ஒழுங்காகவே ஓடியது. ஆனால் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு, அந்த எஸ்எம்எஸ் பகுதியை எழுதியது வேறு டீம், அவர்கள் தங்கள் பங்குக்குத் தனியாக ஒரு 5,000 வைத்திருந்தார்கள். அதனால் 9,000 ரூபாய் சந்தா கட்டுபவருக்கு முதல் நாள் "இந்தத் தொகையை அனுமதிக்க ஓடிபி கொடுங்கள்" என்று செய்தி போக, அவர் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துத் தொடாமல் விட, மறுநாள் பணம் அது பாட்டுக்குப் போய்விட்டது. கால் சென்டரில் இருந்தவர்கள் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. எஸ்எம்எஸ் பகுதியைச் சோதித்துப் பார்க்க டெஸ்ட் கேஸ் இல்லையா என்றால், இருந்தது. அதுவும் பழைய 5,000ஐயே எதிர்பார்த்ததால், எல்லாம் சரி என்று பச்சையாகவே இருந்தது.

இதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் பெரிய தப்பு நடந்தது. இனி எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது என்று ஒருவர் கோட் முழுக்கத் தேடி எல்லா 5,000ஐயும் 15,000 ஆக்கிவிட்டார். அதில் ஒன்று ரிசர்வ் வங்கியின் எண்ணே இல்லை. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் மூன்று மாதம் 5,000க்கு மேல் தானாகப் பிடிக்கக் கூடாது என்று கிளையன்ட்டின் ரிஸ்க் டீம் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. எண் ஒன்று, பிறந்த இடம் வேறு. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை எழுதி வைத்த எங்கள் எக்செல் ஷீட்டில் 187ஆவது வரிசை இப்படி இருந்தது: "லிமிட் 5,000. கட்டாயம். சைன் ஆஃப் ஆயிற்று." எந்த லிமிட், யார் சொன்னது, ஏன் என்று கேட்டால் அந்த வரிசைக்குத் தெரியாது. அதை எழுதிய எனக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை.

ராக்கெட் விடுகிறவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5, 40 விநாடிக்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் போய் வந்த பிழை என்று கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தால் அதைவிடச் சங்கடமான விஷயங்கள் இருக்கின்றன. பிழை வந்த அந்தக் கணக்குக்கு, ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது. கவுண்ட்டவுன் கடைசி விநாடிகளில் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்கலாமே என்று பழைய ஏரியானுக்காக வைத்த தேவை அது, ஏரியான் 5க்குப் பொருந்தாதது, யாரும் கேட்காததால் கூடவே வந்துவிட்டது. அப்புறம், ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டு மூன்றை விட்டிருந்தார்கள், கம்ப்யூட்டரின் சுமை 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்குதான் அதற்குப் பின்னணி. யோசித்து எடுத்த முடிவுதான், ஆனால் அந்த மூன்றை ஏன் விட்டோம் என்ற விளக்கம் கோடில் எங்கும் இல்லை. புது ராக்கெட்டின் பாதை விவரங்கள், அந்தக் கணக்கைச் செய்த கருவிக்கான தேவை ஆவணத்திலேயே இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு 187ஆவது வரிசைதான் கண்முன் வந்தது.

சரி, எக்செல்லை விட்டு, தேவை, டிசைன், டெஸ்ட் எல்லாவற்றையும் பெட்டிகளாக வரைந்து வைக்கும் மாடலிங் டூலுக்கு வந்தால் இது தீருமா? தானாகத் தீராது. ஆனால் எக்செல்லில் செய்யச் சோம்பல் படுகிற ஒரு வேலை அங்கே சுலபம்: ஒன்றை இன்னொன்றோடு கோடு போட்டு இணைப்பது. நாங்கள் பயன்படுத்துவது ஸ்பார்க்ஸின் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு எக்லிப்ஸ் பாப்பிரஸ், மாடலியோ என்று இலவசமாகவே இருக்கின்றன. நான் சொல்லப்போவது எதிலும் செய்யக்கூடியதுதான். மென்பொருளைப் படமாக வரையும் மொழியான யூஎம்எல்லில் தேவைக்கென்று தனிப் பெட்டி கிடையாது, அதிலிருந்து வளர்ந்த சிஸ்எம்எல் அதைச் சேர்த்தது, அதோடு டிரைவ், சாட்டிஸ்ஃபை, வெரிஃபை, ரிஃபைன் என்ற உறவுகளும் வந்தன. இது இன்ன தேவையிலிருந்து பிறந்தது, இன்ன டிசைன் இதை நிறைவேற்றுகிறது, இன்ன டெஸ்ட் இதைச் சரிபார்க்கிறது. இந்த மூன்றை மட்டும் ஒழுங்காகப் போட்டாலே பாதிக்கிணறு தாண்டிவிடலாம்.

எங்கள் மாடலில் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே ஒரு பெட்டி. "ஓடிபி இல்லாத உச்சவரம்பு" என்ற தேவை அதிலிருந்து பிறந்தது என்று ஒரு கோடு. மெமோ, மெயில், மீட்டிங் குறிப்பு எதுவானாலும் ஊற்று என்று ஒரு பெட்டி இல்லாமல் எந்தத் தேவையையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தோம். தேவையை எழுதும் விதத்தையும் மாற்றினோம். ரோல்ஸ் ராய்ஸில் விமான எஞ்சின் கட்டுப்பாட்டுக்காக அலிஸ்டர் மேவினும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கி 2009இல் வெளியிட்ட ஈயர்ஸ் என்ற முறை அது, எப்போது, எது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரே அச்சில் எழுதுவது. "லிமிட் 5,000" என்பது இப்போது "பிடிக்கவேண்டிய தொகை, ஓடிபி இல்லாத உச்சவரம்பைத் தாண்டும்போது, பணம் பிடிக்கும் பகுதி வாடிக்கையாளரிடம் ஓடிபி கேட்க வேண்டும்" என்று இருக்கிறது. எண் வாக்கியத்துக்குள் இல்லை, கவனித்தீர்களா? உச்சவரம்பு என்பது தனியாக ஒரே இடத்தில் இருக்கிறது, தேவைகள் அதைக் கைகாட்டுகின்றன. புதுக் கணக்கு வரம்பு என்பது அதற்குப் பக்கத்தில், வேறு பெயரில், வேறு ஊற்றோடு.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் அம்பு. தேவை முதலில் வருகிறது, டிசைன் பிறகு வருகிறது, அதனால் அம்பும் தேவையிலிருந்து டிசைனுக்குப் போகும் என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் தலைகீழ். எது எதை நம்பி நிற்கிறதோ அது கைகாட்ட வேண்டும். டிசைன்தான் தேவையை நம்பி நிற்கிறது, ஆகவே அம்பின் முனை தேவையின் பக்கம். எங்கள் டீமில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் போட்டுவைத்து, எது எதோடு இணைகிறது என்று காட்டும் மேட்ரிக்ஸ் அட்டவணையைத் திறந்தால் பாதிக் கட்டம் காலி. ஒரு நாள் முழுக்க டூலைத் திட்டிவிட்டு, மாலையில் அதில் திசை என்ற ஒரு செட்டிங் இருப்பதைப் பார்த்தோம்.

அந்த மேட்ரிக்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மேனேஜர்களை மாடலிங்குக்கு மடக்கியது அதுதான். வரிசையில் தேவைகள், பத்தியில் டெஸ்ட் கேஸ்கள், இணைப்பு இருக்கும் கட்டத்தில் ஒரு அம்புக்குறி. காலியான வரிசை என்றால் அந்தத் தேவையை யாரும் சோதிக்கவில்லை. காலியான பத்தி இன்னும் சுவாரசியம், யாருமே கேட்காத ஒன்றை நாம் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருக்கிறோம். பத்தியில் டெஸ்ட் கேஸுக்குப் பதில் யூஸ் கேஸை, அதாவது பயனர் மென்பொருளில் செய்யும் வேலைகளை, போட்டுப் பார்த்தபோது, மூன்று வருடமாகப் பராமரித்த ஒரு ரிப்போர்ட்டுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று தெரிந்தது. யார் கேட்டது என்று கிளையன்ட்டிடம் விசாரித்தால், அவர் நம்மிடம் கேட்கிறார்.

புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. டயகிராமில் டெலீட் அழுத்தினால் படத்திலிருந்துதான் போகும், மாடலில் அந்தப் பெட்டி அப்படியே இருக்கும். கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்தினால் மாடலிலிருந்தே போய்விடும், கூடவே அதன் எல்லாக் கோடுகளும். இன்னொன்று, ஏற்கெனவே இருக்கும் தேவையைப் படத்தில் வைக்க வேண்டுமானால் டூலின் பிரவுசர் பட்டியலிலிருந்து இழுத்துப் போடுங்கள், டூல்பாக்ஸிலிருந்து புதிதாக எடுத்து அதே பெயரைத் தட்டாதீர்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் பெயர் ஒன்று, ஆள் வேறு. ஒருமுறை எங்களிடம் ஒரே பெயரில் நான்கு தேவைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இணைப்பு. திரும்பவும் அதே பழைய 5,000 கதைதான், இந்த முறை கலர் படத்தோடு.

டீமின் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் ஸ்டோரி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. ஸ்டோரி என்பது வேலை, முடிந்தால் மூடிவிடுவோம். தேவை என்பது மென்பொருள் உயிரோடு இருக்கும் வரை காப்பாற்ற வேண்டிய வாக்கு. ஒரே தேவையை இரண்டு வருடத்தில் ஏழெட்டு ஸ்டோரிகள் தொட்டிருக்கும், கடைசி நிலை என்ன என்று தெரிய அத்தனையையும் வரிசையாகப் படிக்க வேண்டும். நாங்கள் ஸ்டோரி எண்ணைத் தேவையோடு இணைத்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாடல் பண்ணக் கிளம்பாதீர்கள், அதுவும் ஒரு நோய். பட்டன் நிறத்துக்கெல்லாம் பெட்டி போட்ட காலம் எங்களுக்கு இருந்தது. ஆறு மாதத்தில் மாடல் ஒரு பக்கம், மென்பொருள் ஒரு பக்கம் என்று ஆகி, யாரும் அதைத் திறக்கவே இல்லை. இப்போது வெளியிலிருந்து வரும் விதி, பணம் சம்பந்தப்பட்டது, இரண்டு டீம்கள் பகிர்ந்துகொள்வது என்று இந்த மூன்று மட்டும்தான் உள்ளே. ஒவ்வொரு ரிலீஸுக்கும் பேஸ்லைன், அதாவது அன்றைய மாடலின் நகல், எடுத்து வைக்கிறோம், போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்பதை டூலே பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடும்.

2023 டிசம்பரில் மறுபடி சோதனை வந்தது. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் வரம்பை ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள், மற்றவற்றுக்கு அதே 15,000. எண் மட்டுமல்ல, வரம்பின் வடிவமே மாறுகிறது, வகையைப் பொறுத்து வரம்பு. இந்த முறை யாரும் அரை நாள் என்று சொல்லவில்லை. சுற்றறிக்கைப் பெட்டியைச் சொடுக்கி, அதோடு இணைந்தவற்றையெல்லாம் காட்டும் டிரேசபிலிட்டி ஜன்னலை விரித்தோம். ஐந்து தேவைகள், எஸ்எம்எஸ் வாசகம் உட்பட நான்கு டிசைன் பகுதிகள், பதினொரு டெஸ்ட் கேஸ். புதுக் கணக்கு வரம்பு அந்தப் பட்டியலில் வரவில்லை, வரக் கூடாது. எட்டு வேலை நாள் ஆகும் என்று எழுதிக் கொடுத்தோம், ஒன்பது ஆனது.

அந்தப் புதுக் கணக்கு வரம்புக்கு ஊற்று தேடியபோதுதான் சங்கடம். கிளையன்ட்டின் ரிஸ்க் டீமில் கேட்டால், முன்பு இருந்த ஒருவர் போனில் சொன்னது, அவர் இப்போது வேறு கம்பெனி, காகிதம் ஏதும் இல்லை என்றார்கள். எடுத்துவிடலாமா என்றால் வேண்டாம், இருக்கட்டும் என்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் "போன் பேச்சு, உறுதி செய்ய வேண்டும்" என்று எழுதினேன். எங்கள் மாடலில் உறுதியாகாத தேவை மஞ்சள் நிறத்தில் தெரியும். ஒவ்வொரு ரிவ்யூவிலும் யாராவது ஒருவர் அதைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார், நான் மறுபடி ஒரு மெயில் போடுகிறேன், அது இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.