நோயாளி ‘குவான்’ என்று சொல்லும்போது

பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம்தான். வார்டுக்குள் கால் வைத்த அன்றே அது போதாது என்று தெரிந்துவிடும். டாவோ மக்கள் பெரும்பாலும் பேசுவது பிசாயா, அதாவது செபுவானோ மொழி. இருமல், காய்ச்சல், தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று நோய்ச் சொற்களையெல்லாம் ஒரு குட்டி நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். முதல் வாரமே, அந்த நோட்டில் இல்லாத ஒரு சொல் என்னைத் தவறு செய்ய வைத்தது.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. “சாகித் அகோங் குவான், டாக்” என்றார். சாகித் என்றால் வலி. அகோங் என்றால் என்னுடைய. குவான்? அவருடைய கை அடிவயிற்றின் மேல் இருந்தது. குவான் என்றால் வயிறு போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, வயிற்றுவலி என்று எழுதிவிட்டேன். சற்று நேரத்தில் எங்கள் சீனியர், ஒரு பெண் மருத்துவர், வந்தார். திரையை இழுத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “எந்தக் குவான், நானய்?” என்று மெதுவாகக் கேட்டார். நானய் என்றால் அம்மா. கருப்பை கீழிறங்கிப் பல மாதங்களாக அவர் வேதனைப்பட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. பேரன் வயதில் முன்னால் நின்ற என்னிடம் அவர் அதை எப்படிச் சொல்வார்? சொல்ல முடியாத சொல்லின் இடத்தில் ‘குவான்’ வைத்துச் சொன்னார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

குவானுக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது. வாயில் வராத சொல், வாய்விட்டுச் சொல்லப் பிடிக்காத சொல், எதன் இடத்திலும் அது போய் நிற்கும். தலைநகர் மணிலா பக்கம் பேசும் தகாலோக் மொழியிலும் குவான் உண்டு என்றாலும், அங்கே இந்த வேலையை அதிகம் செய்வது ‘அனோ’. அதன் நேர்ப்பொருள் ‘என்ன’. வடக்கே இலோகானோ பேசுபவர்களிடம் ‘குவா’. தகாலோக்கை அடிப்படையாகக் கொண்ட ‘பிலிப்பினோ’ என்ற மொழிதான் 1987 அரசியலமைப்பின்படி தேசிய மொழி. அதனால் எந்தத் தீவுக்காரர் வாயிலும் அனோவைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசும்போதுகூட நடுவில் வந்து விழும்.

நாமும் “அந்த இதை எடு” என்கிறோம். ஆனால் நம்முடைய ‘இது’ வினையாக வேண்டுமென்றால் ‘பண்ணு’ போன்ற ஒன்று துணைக்கு வேண்டும். குவானுக்கு அது தேவையில்லை. வினைக்குரிய ஒட்டு எல்லாம் நேராக அதன்மேலேயே ஏறும். ‘கிகுவான்’ என்றால் ஒன்றை ஏற்கெனவே என்னவோ செய்தாயிற்று. ‘குவானோன்’ என்றால் இனிமேல் செய்யவேண்டும். ‘சி குவான்’ என்றால் ஓர் ஆள், ஏனென்றால் ‘சி’ ஆட்பெயருக்கு முன்னால் வருவது. ‘சா குவான்’ என்றால் பெரும்பாலும் ஓர் இடம். தகாலோக்கில் “இனானோ மோ சியா?” என்றால் “என்ன செய்தாய் அவனை?”. ஆக, சொல் மறைந்தாலும் அது ஆளா, இடமா, செய்து முடித்ததா, செய்யவேண்டியதா என்பது மறைவதில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு ‘குவான்’ வந்தால் நான் பயப்படுவதை விட்டேன். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது, மீதியைக் கேட்டு வாங்கினால் போதும்.

கேட்டு வாங்காமல் விடுவதில்தான் ஆபத்து. ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொருவரிடம், குவானைக் கிகுவான் செய்துவிட்டேன் என்கிற மாதிரி சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இது அசட்டை இல்லை. இருவர் கண்ணும் ஒரே டிரிப்பின் மேல் இருக்கும்போது அது முழுமையான வாக்கியம்தான். ஆனால் அதே பேச்சு ஃபோனில் நடந்தால், அல்லது அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவரிடம் சொல்லப்பட்டால், போட்டது ஆன்டிபயாடிக்கா சலைனா என்று யாருக்குத் தெரியும்? மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் வாயால் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வளைகுடாவில் பிலிப்பினோ நர்ஸ்களோடு வேலை செய்யும் தமிழ் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இன்னும் இரண்டு சொற்கள்: ‘பாராங்’, ‘மெஜோ’. பாராங் என்றால் ‘போல’, மெஜோ என்றால் ‘கொஞ்சம்’. இரண்டாவது ஸ்பானியர் விட்டுப்போனது. “நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம்” என்று ஒரு பிலிப்பினோ சொன்னால், அதைச் சந்தேகம் என்றோ சின்ன வலி என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று சொல்லை மென்மையாக்கியிருக்கலாம். உடனே ஈசிஜி எடுங்கள்.

அப்புறம், இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். இப்போது நான் துபாயில் வேலை செய்கிறேன். ஐம்பதை நெருங்கும் ஒரு பிலிப்பினோவை அறைத்தோழர்கள் கூட்டி வந்தார்கள். முந்தைய நாள் காலையிலிருந்து எதற்கெடுத்தாலும் ‘அனோ, அனோ’ என்றே பேசியிருக்கிறார். தூக்கம் போதவில்லை போல என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். எல்லாரும் சொல்கிற சொல்தானே, யாருக்கு உறைக்கும்? அவருக்கு வந்திருந்தது பக்கவாதம். மூளையின் இடப்பக்கத்தில் பேச்சைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு ரத்தம் போகவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

நல்ல நிலையில் இருப்பவர் அனோ என்றால், ஒரு நொடியில் சரியான சொல்லைப் பிடித்துவிடுவார், அல்லது கையைக் காட்டி விளக்கிவிடுவார். மூளையின் பேச்சுப் பகுதி பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் சொல் பெரும்பாலும் வராது. கண் முன்னால் இருக்கும் பொருளுக்கும் பெயர் வராமல் போகலாம். ஒரு பேனாவைக் காட்டி, “இது என்ன?” என்று கேளுங்கள். கைக்கடிகாரத்தைக் காட்டுங்கள். அதற்கும் ‘அனோ’ என்றால், அதிலும் நேற்றுவரை நன்றாகப் பேசியவர் என்றால், வாய் கோணவில்லை, கை தளரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையை முடிவு செய்ய அந்த நேரம் மிக முக்கியம். வயதானவர்களிடம் இதே மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தால் மறதிநோயாக இருக்கலாம். அதற்கும் பரிசோதனை வேண்டும்.

டாவோவில் அந்த அம்மாவிடம் நான் செய்த தவறுக்குப் பிறகு, மனித உடலை முன்னும் பின்னும் வரைந்த ஒரு தாளை எப்போதும் மேசையில் வைத்திருக்கிறேன். யாராவது குவான் என்றோ அனோ என்றோ சொல்லித் தயங்கினால், கதவைச் சாத்திவிட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்துவேன். வேறு எதுவும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் விரல் ஓர் இடத்தில் போய் நிற்கும்.