சொன்ன பேச்சு கேட்காத பையன்

மேலூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. உள்ளே நுழைந்ததுமே இரண்டாம் வகுப்பு டீச்சர் பிடித்துக்கொண்டார். "இவனைக் கொஞ்சம் பாருங்க டீச்சர், சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குறான்." பாடம் நடக்கும்போது எழுந்து ஓடுகிறான், பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்குகிறான், திட்டினால் சிரிக்கிறான். வாலு, திமிர் என்று பெயர் ஏற்கெனவே வைத்தாயிற்று.

நான் சிறப்புப் பயிற்றுநர், அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான ஆசிரியர். வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போவதுதான் வேலை. இப்படி ஒரு பிள்ளை என்றால் டீச்சரிடம் 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்துவிடுவேன். சேட்டை எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். "இருக்கிற வேலையில இது வேறயா" என்று அலுத்துக்கொள்ளாத டீச்சரை இன்னும் பார்க்கவில்லை. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் பதிவதே முடிந்தபாடில்லை, எனக்கும் தெரியும்.

இந்த டீச்சர் அலுத்துக்கொண்டே எழுதிவிட்டார். படித்தால் விஷயம் தானாகத் தெரிந்தது. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் படஅட்டைகளை வைத்து விளையாடும்போது தகராறே இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் இருந்த இடத்தில் இருக்கிறான். கதை சொன்னாலோ, சொல்வதை எழுதச் சொன்னாலோதான் ஓட்டம்.

அவன் படம் வரைந்துகொண்டிருந்தபோது வலது தோளுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொன்னேன். அசையவில்லை. இடது பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டேன். திரும்பினான்.

அவன் அம்மாவிடம் கேட்டபோது, "சீழ் வடியும் டீச்சர், எண்ணெய் காய்ச்சி ஊத்துனா நின்னுரும்" என்றார். காதில் எண்ணெய் ஊற்றவே கூடாது. பையனோ கண்மாய் நிறைந்துவிட்டால் நாள் முழுக்கத் தண்ணீரில்தான். பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள்: வலது செவிப்பறையில் ஓட்டை. மருந்து கொடுத்து, காதில் தண்ணீர் படாமல் குளிக்க வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்கச் சொன்னார்கள்.

வகுப்பில் செய்தது ரொம்பச் சின்ன வேலை. முன்வரிசையில், கேட்காத காது சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி வலது ஓரத்தில் உட்கார வைத்தோம். முதலில் பெயரைச் சொல்லி, அவன் முகம் பார்த்த பிறகு பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். "நோட்டை எடு, தேதி போடு, கோடு போடு" என்று அடுக்கினால் காது நன்றாகக் கேட்கும் பிள்ளையே திணறும்.

எல்லாச் சேட்டைக்கும் காதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பெண், மதியம் 2 மணி ஆனால் யாரையாவது கடித்துவிடுவாள். விடியுமுன் மல்லிகை எடுக்கப் போகும் அம்மாவோடு அவளும் எழுந்துவிடுகிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது அரைமணி நேரத் தூக்கம், அவ்வளவுதான்.

இப்போது யூடியூப் பார்த்துவிட்டு, துறுதுறு பிள்ளைக்கெல்லாம் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்று முத்திரை குத்துகிறார்கள். பள்ளியில் மட்டும் தெரிகிற சேட்டை அதில் சேராது. வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், குறைந்தது 6 மாதமாவது இருந்தால்தான் மருத்துவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே தொடங்குவார்கள். அடித்தால் சரியாகும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது.

அப்புறம், பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் தேதி தெரிந்ததும், சந்தேகமுள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இந்தப் பையனின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். போன வருடம் குழு வந்த அன்று அவன் ஆப்சென்ட். காதுவலி என்று வீட்டில் இருந்திருக்கிறான்.